தேய்ந்ததை எறியலாமா?



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. நம் மன்றத்தின் மின் கிதார் பழுதாகிவிட்டது. அதை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பொங்கல் விழாவுக்குள் புதியதொன்று வாங்க வேண்டும் என்பது தீர்மானம். ஏழு பேர் கை தூக்கினார்கள். நான் ஒருவன் மட்டும் தூக்கவில்லை. "காரணம் என்ன?" என்று தலைவர் கேட்டார். அப்போது இரவு எட்டரை மணி. விடுதியில் உணவுக் கூடம் மூடுகிற நேரம். "எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தீர்மானம் பொதுக்கூட்டத்தின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது. அதை நான் ஏன் எதிர்க்கிறேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை. அந்தக் கிதாரை அதிகம் வாசித்தவன் நான். 2016-ஆம் ஆண்டில் மூத்த மாணவர்கள் விழா மண்டபத்து வாயிலில் உண்டியல் வைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது அது. பலர் கை மாறி என் கைக்கு வந்தது. கடந்த பொங்கல் விழாவில் இரண்டாவது பாட்டின் நடுவே அது 'கரகர' என்று இரைந்தபோது நீங்கள் சிரித்தீர்கள். மேடையிலிருந்து இறங்கியதும் நான் எல்லோரிடமும் சொன்னது, "கிதார் சரியில்லை" என்பது. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். அந்தப் பழமொழி எனக்கு எவ்வளவு பொருந்தும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிதார் வாசிக்காத நண்பர்களுக்காக நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். கிதாரின் கழுத்தில் ஒரு மரப்பலகை உண்டு. அதன்மேல் குறுக்கே வரிசையாக உலோகக் கம்பிகள் பதிந்திருக்கும். ஆங்கிலம் வழிவந்த பேச்சில் அவற்றை ஃப்ரெட் என்கிறோம். வீணையில் அதே வேலையைச் செய்வதற்கு மெட்டு என்று பெயர். நானும் மெட்டு என்றே எழுதுகிறேன். இடக்கை விரல் கம்பியை அழுத்தும்போது கம்பி மெட்டின் முதுகில் அமர்கிறது. அங்கிருந்து பாலம் வரையுள்ள நீளம் மட்டும் அதிர்கிறது. அந்த நீளம்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது. ஆக, கிதாரின் சுருதி முழுவதும் இந்தச் சிறு உலோகங்களின் முதுகில் இருக்கிறது.

அந்த முதுகு எவ்வளவு உயரம் என்று நினைக்கிறீர்கள்? புதிதாக இருக்கும்போதே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்னும் கலவையால் ஆனது. நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று தட்டும் கிண்ணமும் வாங்குவோமே, அந்தக் குடும்பத்தது. பெயரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பும் துத்தநாகமும், ஏறக்குறைய 18 விழுக்காடு நிக்கலும் சேர்ந்தது. கிதாரின் கம்பியோ எஃகு. மென்மையான உலோகத்தின்மேல் கடினமான உலோகத்தை ஒரு நாளில் ஆயிரம் முறை அழுத்தினால் எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும். எஃகு ஊர மெட்டு தேயாதா?

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே சீராக வருவதில்லை. பழகுகிறவர்கள் அதிகம் பிடிக்கிற முதல் மூன்று நான்கு மெட்டுகளில்தான் முதலில் பள்ளம் விழும். பள்ளத்தில் கம்பி தாழ்ந்து உட்காரும். தாழ்ந்த கம்பி அடுத்த மெட்டின் முதுகில் உரசும். அந்த உரசல்தான் நீங்கள் கேட்டுச் சிரித்த 'கரகர' ஓசை. பள்ளம் விழாமல் முதுகு தட்டையாகத் தேய்ந்தால் வேறொரு கோளாறு வரும். வளைந்த முதுகில் ஒரே புள்ளியில் நின்ற கம்பி, தட்டை முதுகில் பாலத்தை நோக்கிய விளிம்பில் போய் நிற்கும். அதிர்கிற நீளம் சிறிது குறையும். ஸ்வரம் சிறிது ஏறும். கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது. ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் தோன்றும். இவ்வளவு பெரிய குற்றத்துக்குக் காரணம் ஒரு மில்லிமீட்டரில் சில பங்கு உலோகம் போனதுதான்.

விழா முடிந்த வாரம் கிதாரைத் தூக்கிக்கொண்டு நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் உறையைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "மெட்டு தேஞ்சுபோச்சுன்னா புதுசு வாங்கிக்கறதுதான் சார் லாபம்" என்றார். பின்னால் வரிசையாகத் தொங்கிய பளபளப்பான கிதார்களை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் மனத்தை மாற்றியவர் வேறொருவர்.

விடுதி அறை நண்பனின் அத்தை வீணை வாசிப்பவர். அவர் வீணையைச் செப்பனிடுகிற பெரியவர் ஒருவர் பழைய அக்கிரகாரப் பகுதியில் இருக்கிறார். நண்பன் வற்புறுத்தியதால் அங்கே போனேன். தாம் கிதார் தொடுவதில்லை என்று அவர் முன்னதாகவே சொல்லிவிட்டார். ஆனாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மெட்டைப் பார்க்கவில்லை. கம்பியின் அடிப்புறத்தில் நகத்தை ஓட்டினார். நகத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டியது.

"இந்தக் கம்பிய எப்போ மாத்தினீங்க தம்பி?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும்.

"துருப்பிடிச்ச கம்பி அரம் மாதிரி. மெட்டு தானாத் தேயலை. நீங்கதான் தினமும் உட்கார்ந்து அராவியிருக்கீங்க."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது? வாசித்து முடித்ததும் வியர்வைக் கையோடு கிதாரை அப்படியே உறைக்குள் திணித்து அலமாரியில் வைத்தவன் நான். வியர்வையின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு மெட்டைத் தின்றது. ஒரு பழைய பருத்தித் துணியால் அரை நிமிடம் துடைத்திருந்தால் இந்தத் தேய்மானத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கும்.

அவர் முன்னால் ஒரு வீணை பிரித்துக் கிடந்தது. வீணைக்கு 24 மெட்டுகள். அவை மரத்தில் அறைந்தவை அல்ல. தண்டியின் மேல் இருபுறமும் கரி சேர்த்த மெழுகினால் இரண்டு கரைகள் கட்டி, அந்த மெழுகின்மேல் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். வெயிலில் வைத்தால் மெழுகு இளகும். நாளடைவில் மெட்டு நகரும், தேயும், சுருதி விலகும். அப்போது மெழுகை எடுத்துவிட்டு, மெட்டின் முதுகை அராவிச் சரிசெய்து, புதிதாக மேளம் கட்ட வேண்டும். கட்டுகிறவர் ஒவ்வொரு மெட்டாக வைத்து, கம்பியை மீட்டிக் காதால் கேட்டு, மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துகிறார். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு மெட்டுகள் நின்றன.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: வீணையைச் செய்த நம் முன்னோர், மெட்டு தேயும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்தார்கள். தேயாத மெட்டைத் தேடி அவர்கள் அலையவில்லை. தேய்ந்தால் எடுத்துத் திரும்ப வைப்பதற்கு வழி வைத்துச் செய்தார்கள். மெழுகை ஒரு குறையென்றுகூட நாம் நினைக்கலாம். ஆனால் அந்த மெழுகினால்தான் பாட்டி வாசித்த வீணையைப் பேத்தி வாசிக்கிறாள்.

இந்த மைசூர் நகரம் வீணையின் நகரம். வீணை சேஷண்ணா (1852–1926) அரசவையில் வாசித்த ஊர் இது. அவர் வீணையோடு நில்லாமல் பியானோவும் வயலினும் வாசிக்கத் தெரிந்தவர். வெங்கடகிரியப்பாவும், அவரிடம் கற்ற வீணை தொரைசாமி ஐயங்காரும் (1920–1997) மைசூர்ப் பாணியை நம் காலம் வரை கொண்டுவந்தார்கள். மேல்நாட்டு இசைக்கும் இவ்வூர் கதவை அடைத்ததில்லை. மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார் கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர். ரஷ்ய இசைவாணர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டாக வெளிவரப் பொருள் உதவியவரும் அவரே. இன்று தசரா நாட்களுக்கு முன்னே நடக்கும் யுவ சம்பிரமத்தில், மானசகங்கோத்திரியின் திறந்தவெளி அரங்கில் கல்லூரி மாணவர்கள் மின் கிதாரோடு ஏறுகிறார்கள். மைசூரில் வளர்ந்த ரகு தீட்சித், சிசுநாள ஷரீபின் பாடல்களைக் கிதாரோடு பாடி உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். ஆகவே வீணை நம்முடையது, கிதார் அயலாருடையது என்று பிரித்துப் பேச நான் வரவில்லை. வீணைக்குக் காட்டும் பொறுப்பைக் கிதாருக்கு ஏன் காட்டுவதில்லை என்பதே என் கேள்வி.

"வீணை கைவேலை, கிதார் தொழிற்சாலைப் பண்டம். அது எறிவதற்கென்றே செய்தது" என்று நண்பர் ஒருவர் கூட்டத்திலேயே சொன்னார். அவர் சொன்னது தவறு. மின் கிதாரின் வரலாறே அதற்குச் சாட்சி.

இன்று உலகெங்கும் காண்கிற திடமரக் கிதாரைப் பெருமளவில் செய்து விற்கும் வழியைத் திறந்தவர் லியோ ஃபெண்டர். அவர் இசைக்கலைஞர் அல்லர்; கிதார் வாசிக்கத் தெரியாதவர். 1938-இல் கலிபோர்னியா மாநிலத்தின் புல்லர்ட்டன் ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை திறந்தவர். இசைக்குழுவினர் கெட்டுப்போன ஒலிபெருக்கிகளையும் கருவிகளையும் அவரிடம் கொண்டுவந்தார்கள். எது எப்போது உடைகிறது, எதைத் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்பதெல்லாம் அவருக்குப் பழுதுபார்க்கும் மேசையில் தெரிந்த பாடம். 1950-இல் அவர் கிதார் செய்தபோது அந்தப் பாடத்தை அதில் வைத்தார். பழைய கிதார்களில் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுவார்கள். அவர் நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி மாற்றலாம். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படியே. நம் மன்றத்துக் கிதார் அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்த மலிவுப் பதிப்புதான். ஆனாலும் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அந்த நான்கு திருகாணிகள் இருக்கின்றன.

ஒருவர் மெழுகு வைத்தார். ஒருவர் திருகாணி வைத்தார். இருவரும் சொன்னது ஒன்றே: இது தேயும், இதைத் திறந்து சரிசெய். நாம்தான் அதைக் காதில் வாங்காமல், தேய்ந்தது என்ற சொல்லுக்கும் செத்தது என்ற சொல்லுக்கும் வேறுபாடு தெரியாமல் நிற்கிறோம்.

வீணைப் பெரியவர் என்னைத் தம்மிடம் சிறு வயதில் வேலை பழகிய இளைஞர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் இப்போது கிதார்களும் பார்க்கிறார். ஒரு வண்டிக் கொட்டகையின் பாதியில் அவருடைய பட்டறை. அவர் நம் கிதாரை அரை மணி நேரம் சோதித்துவிட்டு நோயைப் பட்டியலிட்டார். அதைச் சுருக்கி எழுதுகிறேன்.

முதலாவது, மெட்டுகள். நான்கு மெட்டுகளில் பள்ளம் இருக்கிறது. ஆயினும் மற்றவற்றில் உயரம் போதிய அளவு மிச்சம். எல்லா மெட்டுகளின் தலையிலும் மையைப் பூசி, நேரான நீண்ட அரத்தால் ஒரே சமனாக அராவ வேண்டும். எங்கும் மை சீராகப் போய்விட்டால் சமன் ஆயிற்று என்று பொருள். பிறகு குழிந்த வாயுள்ள சிறு அரத்தால் ஒவ்வொரு முதுகையும் மீண்டும் வளைவாக்கி, மெருகு ஏற்ற வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்யலாம். அதன்பின் உயரம் போதாது. பழைய மெட்டுகளைப் பிடுங்கிப் புதியவை அறைய வேண்டும். அதுவும் செய்யக்கூடியதே. நம் கிதாருக்கு இதுவரை ஒரு முறைகூடச் செய்யவில்லை.

இரண்டாவது, பாலத்திலுள்ள சின்னஞ்சிறு திருகாணிகள். கம்பியின் உயரத்தை ஏற்றி இறக்குபவை அவை. வலக்கையின் ஓரம் எப்போதும் அங்கே படிவதால் வியர்வை இறங்கித் துருப்பிடித்து இறுகிவிட்டன. எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தால் சில திரும்பும். சில மாற்ற வேண்டும். மேலே குரோம் முலாம் பளபளத்தாலும் முலாம் மெல்லியது. அது பொரிந்த இடத்தில் துரு உள்ளே போகிறது.

மூன்றாவது, தலையிலுள்ள முறுக்காணிகள். ஆறில் ஒன்று ஆடுகிறது. உள்ளே பல் தேய்ந்ததென்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒரு திருப்புளியால் மேல் திருகாணியை முடுக்கினார், ஆட்டம் நின்றது. ஓராண்டாக நாம் அந்தக் கம்பியைச் சபித்துக்கொண்டிருந்தோம்.

நான்காவது, ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி செருகுகிற இடம். அதன் மரை தளர்ந்து, செருகும்போதெல்லாம் உள்ளே சுழன்று, ஒரு மின்கம்பியின் பற்றாசு விட்டிருந்தது. விழாவில் பாதிப் பாட்டில் ஓசை நின்றுபோனது இதனால்தான். பற்றவைக்க ஐந்து நிமிடம். நம்முள் மின்னியல் படிக்கிற நண்பர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. நானும் அவர்களைக் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் அவர் கேட்ட கூலி, புதிதாக வாங்க நாம் குறித்திருக்கும் தொகையில் எட்டில் ஒரு பங்கு.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். தீர்மானம் கொண்டுவந்த நண்பர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். அவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு.

'இப்போது எஃகு மெட்டு வைத்த கிதார்கள் வருகின்றன. அவற்றை வாங்கினால் தேய்மானத் தொல்லையே இல்லை' என்பது ஒன்று. துருப்பிடிக்காத எஃகு மெட்டுகள் நிக்கல் சில்வரைவிட மிக நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மையே. கம்பியை இழுத்து வாசிக்கும்போது வழுவழுப்பாகவும் இருக்கும். ஆனால் நம் பணத்துக்கு அகப்படும் கிதாரில் பெரும்பாலும் அவை இரா. மேலும், மெட்டு எஃகானால் மட்டும் போதுமா? பாலத்துத் திருகாணி துருப்பிடிக்காதா? செருகுமிடம் தளராதா? துடைக்காத கைக்கு எந்த உலோகமும் ஈடு கொடுக்காது.

'எவ்வளவு செப்பனிட்டாலும் மலிவுக் கிதார் மலிவுக் கிதார்தானே?' என்பது இரண்டாவது. இதிலும் பாதி உண்மை இருக்கிறது. கழுத்து முறுக்கிக்கொண்டால், அதனுள்ளே ஓடும் இரும்புக் கோல் திரும்பாமல் உறைந்துவிட்டால், மரம் பிளந்தால், அதன்மேல் பணம் போடுவது வீண். அப்படிப்பட்ட கருவியைக் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் கிதாரின் கழுத்து நேராக இருக்கிறது, கோல் திரும்புகிறது. இதை அறிந்தவர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். சோதிக்காமலே விற்பதென்று முடிவு செய்ததைத்தான் நான் எதிர்க்கிறேன்.

'புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நல்ல கருவி தர வேண்டாமா?' என்பது மூன்றாவது. தர வேண்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன்: பழைய கிதாரைக் கெடுத்த பழக்கம் எங்கே போகும்? அது அலமாரியிலே காத்திருக்கும். புதிய கிதார் வந்த அன்றே அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் சில ஆண்டுகளில் இதே அறையில் இதே தீர்மானம் வரும். கை தூக்குவோர் மட்டும் வேறாக இருப்பார்கள்.

நம் இசையை இந்தக் கருவியில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) எட்டுக் கம்பி மேண்டலினை விட்டு ஐந்து தனிக்கம்பிகள் கொண்ட மின் மேண்டலினில் கர்நாடக இசையைத் தந்தவர். மெட்டு வைத்த கருவியில் கமகம் எழுப்ப வேண்டுமானால் கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அழுத்தி எடுப்பதைவிட இழுப்பதில் உரசல் அதிகம். ஆக, கமகம் வாசிக்கிற தமிழ் மாணவன் தன் மெட்டை மற்றவர்களைவிட விரைவில் தேய்ப்பான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசித்ததன் அடையாளம் அது. ஆனால் தேய்ப்பவனுக்குச் செப்பனிடவும் தெரிந்திருக்க வேண்டும். குறைந்த அளவு, செப்பனிடுகிறவரின் முகவரியாவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இந்த மண்ணைப் பற்றியது. உலகத்தில் எத்தனையோ கிதார்களின் கழுத்துப் பலகை இந்திய ரோஸ்வுட். தமிழில் ஈட்டி மரம், கன்னடத்தில் பீட்டே. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அந்த மரத்தில் பொதிவேலை செய்யும் மைசூர்க் கலைஞர்களின் கைத்திறனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த மர இனம் முழுவதையும் 2017 சனவரியிலிருந்து பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தார்கள். இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளித்தார்கள். கட்டுப்பாடு வந்ததற்குக் காரணம், அத்தகைய மரங்களை அளவின்றி வெட்டியது. மெல்ல வளரும் மரம் அது. நாம் விற்றுத் தொலைக்கப் பார்க்கிற கிதாரின் கழுத்திலும் அந்த மரமே இருக்கிறது. நான்கு பழைய மெட்டுகளுக்காக ஒரு மரப்பலகையைக் குப்பைக்கு அனுப்புவது எவ்வகைச் சிக்கனம்?

எல்லாவற்றையும்விட என் மனத்தில் தங்கியது அந்தப் பட்டறை இளைஞர் சொன்னது. "இந்த வேலையில் நிலைப்பீர்களா?" என்று கேட்டேன். வேலை வந்தால் இருப்பதாகச் சொன்னார். வராவிட்டால் பெங்களூரில் ஒரு பெரிய பண்டகசாலையில் பொட்டலம் கட்டும் வேலை காத்திருக்கிறதாம். மாதச் சம்பளம் உறுதி. அதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். வீணையில் பத்தாண்டு பழகிய காது அவருடையது. அந்தக் காது பொட்டலம் கட்டப் போய்விட்டால், நாளைக்கு நம்மிடம் பணமிருந்தாலும் செப்பனிட ஆளிருக்காது. 'புதுசு வாங்கிக்கறதுதான் லாபம்' என்று கடைக்காரர் சொன்னது அப்போது உண்மையாகிவிடும். அதை உண்மையாக்கியவர்கள் நாமாக இருப்போம்.

ஆகவே பொதுக்கூட்டத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: விற்கும் தீர்மானத்தை நிறுத்தி வைத்து, கிதாரை முதலில் செப்பனிட வேண்டும். பொங்கல் விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேலைக்கு ஒரு வாரம் போதும்.

இரண்டு: ஆண்டுச் சந்தாவில் உறுப்பினர் ஒருவருக்குப் பத்து ரூபாய் வீதம் கருவிப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். கிதாருக்கு மட்டுமல்ல, தோல் தளர்ந்து கிடக்கும் நம் மிருதங்கத்துக்கும், காற்று ஒழுகும் ஆர்மோனியத்துக்கும் சேர்த்தே.

மூன்று: அலமாரிக் கதவில் ஒரு குறிப்பேடு தொங்க வேண்டும். யார் எடுத்தார், எப்போது வைத்தார், கம்பி மாற்றிய நாள் எது என்று எழுத வேண்டும். அருகில் ஒரு துணியும் தொங்க வேண்டும். வாசித்தவர் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். மைசூர் ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கிற மிதமான ஊர்தான். ஆயினும் மார்ச், ஏப்ரல் வறட்சியில் கழுத்துப் பலகை சுருங்கி மெட்டின் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும். பருவத்துக்கு ஒரு முறை யாராவது பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

நான்கு: ஆண்டுக்கு ஒரு நாள் அந்தப் பட்டறை இளைஞரை நம் மன்றத்துக்கு அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, கம்பி மாற்றவும் சிறு பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டிமன்றப் பேச்சாளருக்குச் சால்வை போர்த்துகிறோம். இவருக்கும் ஒன்று போர்த்தினால் சால்வைக்குக் குறைவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு, கையில் பணம் மிஞ்சினால், இரண்டாவது கிதார் ஒன்று வாங்குவோம். அதற்கு முதலில் கை தூக்குபவன் நானாக இருப்பேன்.

செப்பனிடும் கூலியில் பாதியை நான் ஏற்கிறேன். இது தருமம் அல்ல. துருப்பிடித்த கம்பியால் ஓராண்டு அராவியவன் நான் என்பதால் என் பங்கு. மீதிப் பாதிக்கு மன்றம் பொறுப்பேற்குமா என்பதை வரும் பொதுக்கூட்டத்தில் நீங்கள் சொல்லுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்பே ஒரு மாலை மன்ற அறைக்கு வரலாம். கிதாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, முதல் நான்கு மெட்டுகளை உங்கள் விரலாலேயே தடவிப் பாருங்கள். பள்ளம் எவ்வளவு சிறியது என்பது தெரியும்.